பெயர் எழுதாத படங்கள்

(தருமபுரியில் படிப்பகத் தோழர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

சென்ற திங்களில் ஒரு நாள், சந்தா சேர்ப்பதற்காகக் காரிமங்கலத்தை அடுத்த ஒரு சிற்றூருக்குச் சென்றிருந்தேன். நல்ல வெயில் வேளை. ஒரு வீட்டுத் திண்ணையிலே அமரச் சொல்லி, கேழ்வரகுக் கூழ் கரைத்துக் கொடுத்தார் அந்த வீட்டு ஆயா. எண்பது வயதைக் கடந்தவர். கூழைக் குடித்துக்கொண்டே உள்சுவரைப் பார்த்தேன். நாட்காட்டி ஒன்று, தலைவர் படம் ஒன்று, இரண்டுக்கும் நடுவே, கறையான் ஓரத்தை அரித்துவிட்ட சட்டத்துக்குள் பழைய புகைப்படம் ஒன்று.

இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க இளைஞர். கறுப்புக் கோட்டு. பக்கத்திலே ஒரு முக்காலி, அதன்மேல் காகிதப் பூ. பின்னே திரைச்சீலையில் தீட்டிய தூணும் திராட்சைக் கொடியும். கம்பீரமாகத்தான் நிற்கிறார். ஆனால் சற்றே கீழே பார்த்தால் காலில் செருப்பில்லை. கோட்டு, கடைக்காரர் படத்துக்காக மாட்டிவிட்ட இரவல் கோட்டு. கால், சொந்தக் கால்!

"யார் ஆயா இது?" என்றேன். "எங்க மாமனாரு தம்பி. தங்கவயல்ல சொரங்கத்துல இருந்தவரு" என்றார். "பேர் என்ன?" என்றேன். ஆயா சிரித்தார், பதில் வரவில்லை. பேரன் பக்கம் திரும்பினேன். கல்லூரியிலே படிக்கிற பிள்ளை. "எனக்குத் தெரியாதுங்க, தாத்தாவோட அப்பா" என்றான். படத்தைக் கழற்றித் திருப்பிப் பார்த்தோம். பின்பக்கத்திலே, இராபர்ட்சன்பேட்டையிலே எடுத்தது என்பதற்கு அழிந்துபோன ஒரு முத்திரை, அவ்வளவுதான். படம் எடுத்த கடையின் பெயருக்கு இடம் இருந்தது. படத்தில் நிற்பவரின் பெயருக்கு இடம் இல்லை.

அன்று முதல் அந்தப் படம் என்னை விட்டபாடில்லை. அதைப்பற்றித்தான் இன்று பேச வந்தேன். அரசியல் பேசுவாய் என்று வந்தோம், படக்காட்சி நடத்துகிறாயே என்று கேட்பீர்கள். பொறுத்துக் கேளுங்கள், எவர் பெயர் எழுதப்படுகிறது, எவர் பெயர் விடப்படுகிறது என்பதைக் காட்டிலும் பெரிய அரசியல் எது?

மேல்நாட்டிலே சுரங்க நகரங்களின் பழைய படங்களுக்குப் பெருமதிப்பு உண்டு. அமெரிக்காவின் மேற்குப் பகுதியிலே, பொன்னும் வெள்ளியும் கிடைத்த மலைச்சரிவுகளிலே, நேற்றில்லாத ஊர்கள் இன்று முளைத்தன, மறுநாள் ஓய்ந்தன. மரப்பலகைக் கடைகள், மதுக்கூடங்கள், சேறு மண்டிய தெரு, தெருவிலே கோவேறு கழுதை வண்டிகள். இவற்றையெல்லாம் கண்ணாடித் தகட்டிலே பிடித்து வைத்தார்கள். அந்நாளையப் படக்கருவிக்கு ஒரு குணம் உண்டு. வெளிச்சத்தைக் குடிக்க அதற்கு நேரம் பிடிக்கும். அதுவரை அசையாமல் நிற்பவன் தெளிவாக விழுவான். அசைந்தவன் புகையாகக் கலைந்துவிடுவான். ஆக, வேலையை நிறுத்திவிட்டு நின்றவனுக்கு முகம் கிடைத்தது. வேலை செய்துகொண்டே இருந்தவன் புகையானான். கருவியின் குறைதான், எனினும், காலத்தின் குறையையும் சேர்த்தல்லவா அது காட்டிவிட்டது!

நிலத்துக்கு அடியிலே படம் எடுப்பது அதனினும் அரிது. இருட்டு, ஈரம், வெடிமருந்துப் புகை. 1867-68இல் திமோத்தி ஓசல்லிவன் என்ற படக்காரர், நெவாடாவின் விர்ஜீனியா நகர வெள்ளிச் சுரங்கத்திலே பல நூறு அடி கீழே இறங்கி, மக்னீசியக் கம்பியைக் கொளுத்தி அந்த வெளிச்சத்திலே படம் பிடித்தார். சுரங்கத்தின் உட்புறத்தைக் காட்டிய முன்னோடிப் படங்கள் அவை. படம் எடுத்த ஓசல்லிவனை உலகம் அறியும். படத்திலே குனிந்து பாறையைக் கொத்துகிறவன் யார்? ஒரு சுரங்கத் தொழிலாளி. அவ்வளவே.

இன்னொரு படம். 1869 மே 10. யூட்டாவிலே, கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வந்த இருப்புப் பாதைகள் ஒன்றுகூடிய நாள். இரண்டு எஞ்சின்கள் மூக்கோடு மூக்கு முட்டி நிற்க, கூட்டம் ஆரவாரிக்க, ஆண்ட்ரூ ரசல் எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. மேற்குப் பக்கத்துப் பாதைக்காக மலையைக் குடைந்தவர்கள் பல்லாயிரம் சீனத் தொழிலாளர்கள். அந்தப் படத்திலே அவர்களைத் தேடுங்கள். தேடித் தேடிக் கண்கள்தான் நோகும். 2014இல், அந்தச் சீனர்களின் வழித்தோன்றல்கள் அதே இடத்திலே கூடி நின்று, அதேபோலொரு படம் எடுத்துக்கொண்டார்கள். எடுத்தவர் கார்க்கி லீ. நூற்று நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, விட்டுப்போன முகங்களை வைத்து நிரப்பினார்கள்.

சரி, அமெரிக்காவை விடுங்கள். நமக்குப் பக்கத்திலேயே, கிருஷ்ணகிரியைக் கடந்து குப்பம் வழியே போனால் சில மணி நேரத்திலே எட்டிவிடக்கூடிய தொலைவில், அதே போன்றதொரு சுரங்க நகரம் இருந்தது. அது கோலார்த் தங்கவயல். அங்கே போய்க் குழியில் இறங்கியவர்கள் நம்மவர்கள். வடஆர்க்காட்டிலிருந்தும், சித்தூரிலிருந்தும், சேலம் மாவட்டத்திலிருந்தும் போனவர்கள். சேலம் என்றால் நாமும்தான். தருமபுரி தனி மாவட்டமாகப் பிரிந்தது 1965 அக்டோபர் 2இல். அதற்கு முன்பு நாமெல்லாம் சேலம் மாவட்டத்துக்காரர்கள்.

ஏன் போனார்கள்? பொன்னாசை பிடித்தா? 1876 முதல் 1878 வரை இந்தப் பக்கத்தைப் பஞ்சம் சுட்டெரித்தது. 1871இல் எடுத்த கணக்கிலே சேலம் மாவட்டத்து மக்கள் தொகை ஏறத்தாழ 19½ லட்சம். பத்தாண்டு கழித்து எண்ணிப் பார்த்தால் 16 லட்சம். பெருகியிருக்க வேண்டிய தொகையிலே மூன்றரை லட்சம் குறைந்தது. செத்தவர்கள் எத்தனை பேர், சீமைக்கும் சிலோனுக்கும் மலையகத் தோட்டத்துக்கும் பிழைக்கப் போனவர்கள் எத்தனை பேர் என்று பிரித்துச் சொல்வார் இல்லை. அந்தப் பஞ்சத்தின் ஈரம் காயாத காலத்திலேதான், 1880இல், ஜான் டெய்லர் கம்பெனி தங்கவயலிலே காலூன்றியது. பசித்தவனும் பாறையும் ஒரே நேரத்திலே கம்பெனிக்குக் கிடைத்தார்கள். மிகப் பெரும்பாலோர் ஆதிதிராவிடத் தோழர்கள். ஊரிலே சேரி என்று ஒதுக்கி வைக்கப்பட்டவர்கள். நிலம் அவர்களுக்கு இல்லை, ஆகவே நிலத்துக்கு அடியிலே போனார்கள்.

பின்னாளிலே ரயிலும் வந்தது. பௌரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காருப்பேட்டையிலிருந்து, மாரிக்குப்பத்துக்கு 1894இல் பாதை போட்டார்கள். நம் தருமபுரியிலிருந்து மொரப்பூருக்கு 1906இல் ஒரு சிறு ரயில் ஓடத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது அதை நிறுத்திவிட்டார்கள். அந்தச் சின்ன ரயிலேறி மொரப்பூர், அங்கிருந்து சோலையார்பேட்டை, அங்கிருந்து மாரிக்குப்பம் என்று மூட்டையோடு போன குடும்பங்களின் கதை, நம் ஊர்களில் வீட்டுக்கு வீடு கேட்டால் இன்றும் கிடைக்கும். கேட்கிறோமா என்பதுதான் கேள்வி.

தங்கவயலைக் "கண்டுபிடித்த" கதையிலேயே இந்தப் பெயர் வேலை தொடங்கிவிடுகிறது. ஜான் வாரன் என்ற பிரிட்டிஷ் படை அதிகாரி 1802இல் மைசூரின் கிழக்கு எல்லையை அளக்க வந்தார். இந்தப் பக்கத்து மண்ணிலே பொன் கிடைக்கிறதாமே என்று கேள்விப்பட்டு, காட்டுகிறவர்களுக்குப் பரிசு என்று அறிவித்தார். சிற்றூர் மக்கள் வண்டி நிறைய மண்ணைக் கொண்டுவந்து, அவர் கண்ணெதிரிலேயே கழுவிப் பொன்துகளைப் பிரித்துக் காட்டினார்கள். காட்டியவர்கள் அவர்கள், பார்த்தவர் வாரன். வரலாற்றிலே நின்றது எவர் பெயர்? அவர் எழுதி வைத்ததைப் படித்துவிட்டு, 1871இல் லவெல் என்ற ஓய்வுபெற்ற அயர்லாந்துப் படைவீரர் மாட்டு வண்டி பூட்டிக்கொண்டு புறப்பட்டார்; 1875இல் உரிமம் பெற்றார்; பிறகு பணமுள்ளவர்கள் கைக்கு அது மாறிற்று. லவெல் பெயரிலே பெங்களூரிலே ஒரு சாலையே இருக்கிறது.

இனிப் படங்களுக்கு வருவோம். தங்கவயலின் பழைய படங்கள் நூலகங்களிலும், சேகரிப்போர் கையிலும், அஞ்சலட்டைகளிலும் நிறையக் கிடைக்கின்றன. நான் பார்த்தவரையில் அவற்றிலே நிற்பவை என்ன? வானளாவிய இரும்புக் கோபுரம்; அதன் உச்சியிலே கேஜை இறக்கி ஏற்றும் பெருஞ்சக்கரம். பாறையை இடித்து மாவாக்கும் ஆலை. மேடு மேடாகக் குவிந்த சயனைடுக் கழிவு மண். துரையின் பங்களா, தோட்டம், தோட்டத்திலே இங்கிலாந்துப் பூச்செடி. கிளப்பு, பந்தாட்டக்காரர்கள். 'குட்டி இங்கிலாந்து' என்றே அந்த ஊரை அழைத்தார்கள். சுரங்கத் தொழிலிலே கைதேர்ந்த கார்ன்வால் பகுதிக்காரர்களைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து மேற்பார்வைக்கு வைத்தார்கள். அவர்களுக்குக் 'கேப்டன்' என்று பட்டம். கார்ன்வால் சுரங்கத் தொழிலாளியும் ஒரு காலத்தில் தொப்பியிலே மெழுகுவர்த்தியைக் களிமண்ணால் ஒட்டிக்கொண்டு குழியில் இறங்கியவன்தான். பர்ரோ என்ற படக்காரர் எடுத்துவைத்த அந்தப் படங்கள் 1893இல் நூலாகவே வந்தன. அங்கே அடிமட்டத் தொழிலாளியாக இருந்தவன் இங்கே வந்ததும் துரையானான். தோலின் நிறம் செய்த வித்தை அது. அந்த மனிதன்மேல் எனக்குக் கோபம்கூட வருவதில்லை.

இந்தப் படங்களுக்குக் கீழே எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும், தோழர்களே! துரைமார் அமர்ந்திருக்கும் படத்திலே இடமிருந்து வலமாக இன்னார், இன்னார், இன்னார் என்று பெயர், பதவி எல்லாம் வரிசையாக. தொழிலாளர் நிற்கும் படத்திலே? 'கூலிகள் குழிக்குப் புறப்படுதல்.' ஒரே சொல்லிலே ஐம்பது மனிதர்களைக் கட்டி மூட்டையாக்கிவிட்டார்கள்! நாய்க்குப் பெயர் உண்டு, குதிரைக்குப் பெயர் உண்டு. அன்று காலை கீழே இறங்கினால் மாலை மேலே வருவது உறுதியில்லாத மனிதனுக்குப் பெயர் இல்லை.

1902இல் காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி இழுத்துத் தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். அந்நாளிலே உலகின் மிக நீண்ட மின்தொடர்களில் ஒன்று. பெங்களூர் நகரத் தெருவிலே மின்விளக்கு எரிவதற்கு மூன்றாண்டு முன்பே அங்கே எரிந்தது. அந்தப் பெருமையைச் சொல்லாத நூல் இல்லை. காவிரி மின்சாரம் முதலிலே போய்ச் சேர்ந்தது இயந்திரத்துக்கு. மூங்கில் தட்டியும் கூரையுமாக இருந்த தொழிலாளர் லைன்களுக்கு அல்ல.

கம்பெனிக்குத் தொழிலாளியின் முகம் வேண்டியிருக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். வேறொரு படம் அவர்களுக்கு வேண்டியிருந்தது. 1930இல், எல்லாத் தொழிலாளரும் விரல்ரேகை பதிக்க வேண்டும் என்று உத்தரவிட்டார்கள். பெயரைச் சரியாக எழுதி வைக்க நேரமில்லாதவர்களுக்கு, ரேகையை மட்டும் பிசகில்லாமல் எடுத்து வைக்க நேரம் கிடைத்தது. குற்றவாளியைப் பதிவதுபோல எங்களைப் பதிவதா என்று பொங்கினார்கள் தொழிலாளர்கள். சரியான சங்கம் இல்லை, தலைவர்கள் என்று சொல்லிக்கொள்ளப் பெரும் பெயர்கள் இல்லை; ஆயிரக்கணக்கானவர்கள் வேலையை நிறுத்தினார்கள். தங்கவயலின் முதல் பெரும் வேலைநிறுத்தங்களில் ஒன்று அது. கூலி உயர்வு மட்டுமே கேட்டு எழுந்ததல்ல. 'நான் மனிதன், மை தடவிய கட்டைவிரல் அல்ல' என்று எழுந்தது.

அடுத்து இன்னொரு படம் எடுத்தார்கள். இது உள்ளே ஊடுருவி எடுத்த படம். பாறையைத் துளைக்கும்போது பறக்கும் தூள், கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்மையானது. மூச்சோடு உள்ளே போய் நுரையீரலிலே தங்கி, மெல்ல மெல்ல அதைத் தழும்பாக்கி, கடைசியிலே மூச்சுவிட இடமில்லாமல் செய்துவிடும். சிலிக்கோசிஸ் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஊர்ப்பக்கத்திலே 'மார்ச்சளி', 'தங்கவயல் இருமல்', 'சயம்' என்று நம் பாட்டிமார் பலவாறாகச் சொன்னார்கள். காசநோய் என்றெண்ணித் தனிக் குடிசையிலே படுக்க வைத்தவர்களும் உண்டு. 1940களிலே தங்கவயல் தொழிலாளர் 7,600க்கும் மேற்பட்டவர்களை எக்ஸ்ரே முதலியவற்றால் சோதித்து ஆராய்ந்தார்கள். நூற்றுக்கு 40 பேருக்கும் மேல் இந்த நோய் கண்டிருந்தது. இந்தியாவிலே இந்நோய்பற்றி நடந்த முதல் பெரிய ஆய்வு அது. இன்றளவும் மருத்துவ நூல்களிலே மேற்கோள் காட்டப்படுகிறது. எண்ணிக்கை இருக்கிறது. விழுக்காடு இருக்கிறது. அந்த மார்புக் கூடுகள் எந்த ஊர், எந்தத் தெரு, எந்தத் தாய் பெற்ற பிள்ளையுடையவை? அதுதான் இல்லை.

ஆக, படத்திலே கூலி; பதிவேட்டிலே ரேகை; மருத்துவமனையிலே நிழல். மனிதன் எங்கே?

மனிதன் இருந்தான், தோழர்களே. தானே தன்னை எழுதிக்கொண்டும் இருந்தான். அயோத்திதாசப் பண்டிதர் ஊட்டிய உணர்வோடு மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் பௌத்த சங்கம் கண்டார்கள், குழியிலே வேலை செய்தவர்கள். பண்டிதர் சென்னையிலே நடத்திய 'தமிழன்' இதழ், அவர் மறைந்த பிறகு, 1920களிலே தங்கவயலிலிருந்து மீண்டும் வெளிவந்தது, நடத்தியவர் அப்பாதுரையார். பகலெல்லாம் பாறையோடு போராடிவிட்டு, இரவிலே விளக்கு வைத்து இதழ் படித்தவர்கள் அவர்கள். நம் ஊர்ப் பள்ளிக்கூடத்துத் திண்ணையிலே ஏற விடாதவர்களின் பிள்ளைகள், அங்கே அச்சகம் வைத்தார்கள்! கூலிகள் என்று படத்துக்கடியில் எழுதியவனுக்கு இது தெரிந்திருக்காது. தெரிந்திருந்தாலும் எழுதியிருக்க மாட்டான்.

பின்பு பொதுவுடைமைத் தோழர்கள் சங்கம் கட்டினார்கள், கே. எஸ். வாசன், வி. எம். கோவிந்தன் போன்றவர்கள் முன்னின்றார்கள். 1946 நவம்பர் 4இல் போராடிய தொழிலாளர்மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஆறு பேர் மாண்டார்கள். ஆண்டுதோறும் தங்கவயலிலே அந்த நாளை நினைவு கூர்கிறார்கள். அந்த ஆறு பேருக்கு உரிய முகங்களை, பங்களாத் தோட்டத்துப் பூச்செடி கிடைக்கும் அந்தப் படத்தொகுப்புகளிலே தேடினேன், எனக்குக் கிடைக்கவில்லை.

இப்போது அந்த இராபர்ட்சன்பேட்டைப் படத்துக்குத் திரும்புங்கள். சம்பள நாள். குழியிலிருந்து மேலே வந்து, குளித்து, தலையைச் சீவி, கூலியிலே ஒரு பங்கைக் கொடுத்து, இரவல் கோட்டு மாட்டி, ஒருவன் தானே போய் நின்று எடுத்துக்கொண்ட படம் அது. கம்பெனி எடுத்ததல்ல. 'நான் நன்றாயிருக்கிறேன்' என்று ஊருக்கு அனுப்பிய கடிதம். அவனுக்கு எழுதத் தெரிந்திருக்குமோ, தெரியாதோ; முகத்தையே எழுத்தாக்கி அனுப்பினான். அம்மாவுக்குப் பெயர் எழுத வேண்டிய தேவை என்ன? பார்த்த உடனே தெரியாதா, தன் பிள்ளை என்று! பெயர் எழுதாமல் விட்டது அலட்சியத்தால் அல்ல, உறவால். ஆனால் அம்மா போனாள், மனைவி போனாள், பிள்ளை போனான். இன்று ஒரே ஒரு மருமகள் மிச்சம். அவரும் போய்விட்டால் கம்பெனி எழுதிய 'கூலி' என்ற பெயர்தான் நிலைக்கும். கம்பெனி செய்த அநியாயத்தை நம்முடைய சோம்பலால் நாமே முடித்துக் கொடுத்தவர்களாவோம்.

பெயர் எழுதினால் என்ன நடந்துவிடும் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். லூயிஸ் ஹைன் என்பவர் அமெரிக்காவிலே 1908 முதல் ஆலைகளிலும் சுரங்கங்களிலும் உழைத்த சிறுவர்களைப் படம் எடுத்தார். 1911இல் பென்சில்வேனியாவின் நிலக்கரிச் சுரங்கங்களிலே, கரியிலிருந்து கல் பொறுக்கும் பையன்களை எடுத்தார். கரி அப்பிய முகங்களிலே கண்கள் மட்டும் வெண்மை. படம் எடுப்பதோடு நிற்கவில்லை அவர். பெயர் என்ன, வயது என்ன, எத்தனை மணி நேரம் வேலை என்று இயன்ற மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டார். பையனின் உயரத்தைத் தன் சட்டைப் பொத்தானோடு ஒப்பிட்டு மனத்திலே வாங்கிக்கொண்டாராம். முதலாளி, 'அந்தப் பையனுக்குப் பதினாறு வயது' என்று சாதிக்க முடியாமற் போனது அதனாலேதான். குழந்தை உழைப்புக்கு எதிரான சட்டங்களுக்காக நடந்த நீண்ட போராட்டத்திலே அந்தப் படங்கள் படைக்கலமாயின. பெயரில்லாத படம் பரிதாபத்தைத் தரும். பெயருள்ள படம் சாட்சி சொல்லும்.

தங்கவயலின் பிற்காலத்தை விரைந்து சொல்லிவிடுகிறேன். 1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை நாட்டுடைமையாக்கியது, 1962இல் மத்திய அரசிடம் போயிற்று, 1972இல் பாரத் தங்கச் சுரங்கக் கம்பெனி என்று பெயர் பெற்றது, 2001இல் மூடப்பட்டது. நூற்றிருபது ஆண்டுகளிலே ஏறக்குறைய 800 டன் பொன்னை எடுத்துக் கொடுத்திருந்தது. குழியின் ஆழம் 3,000 மீட்டருக்கும் மேலே. அவ்வளவு ஆழம் என்பதால் அறிவியலாளர்கள் அங்கே இறங்கி, 1965இல் காற்று மண்டலத்திலே பிறக்கும் நியூட்ரினோத் துகள்களை உலகிலேயே முதன்முதலாகக் கண்டவர்களில் இடம்பெற்றார்கள். அவர்களின் பெயரெல்லாம் ஆய்வுக் கட்டுரையிலே உள்ளது, உரிய பெருமைதான். கருவிகளை அந்த ஆழத்துக்கு இறக்கிக் கொடுத்தவர்களின் பெயரைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

மூடிய பிறகு சிலர் தங்கவயலைப் 'பேய் நகரம்' என்று எழுதினார்கள். கலிபோர்னியாவிலே போடீ என்று ஒரு பழைய பொன்னூர் உண்டு. மக்கள் வெளியேறிவிட்டார்கள், 1962இல் அதை மாநிலப் பூங்காவாக்கி, மேசைமேல் தட்டு கிடந்தபடி, கடையிலே சரக்கு இருந்தபடி காத்து வருகிறார்கள். அது பேய் நகரம், ஒப்புக்கொள்கிறேன். தங்கவயலிலே மக்கள் இருக்கிறார்கள், ஐயா! விடியுமுன் எழுந்து, மாரிக்குப்பத்திலே ரயிலேறி, பெங்களூருக்கு வேலைக்குப் போய், இருட்டிய பிறகு திரும்புகிறார்கள். நிலுவைத் தொகைக்காகவும், தலைமுறை தலைமுறையாய்க் குடியிருந்த லைன் வீடுகளின் உரிமைக்காகவும் நெடுங்காலம் போராடியவர்கள். இருக்கும்போதே அவர்களைப் பேயாக்குவது எவ்வளவு வசதி!

2018இலும் 2022இலும் 'கே.ஜி.எஃப்.' என்று திரைப்படங்கள் வந்தன. நம் இளைஞர்கள் பார்த்துக் கைதட்டினார்கள். தவறில்லை, ஆனால் அது கற்பனைச் சுரங்கம், கற்பனைக் கொடுங்கோலன், கற்பனை வீரன். 2024இல் பா. இரஞ்சித்தின் 'தங்கலான்' வந்தது. அது வடஆர்க்காட்டு உழைப்பாளி பக்கமிருந்து கதை சொல்லப் புறப்பட்டது. கலைஞர்கள் தம் வேலையைச் செய்கிறார்கள். நம் வேலையை யார் செய்வது? நம் வீட்டுச் சுவரிலே உண்மை மனிதர் கோட்டு மாட்டி நிற்கிறார்; அவருடைய பேரப்பிள்ளைக்குத் திரையிலே வந்தவனின் பெயர் தெரிகிறது, இவர் பெயர் தெரியவில்லை!

எனவே, படிப்பகத் தோழர்களுக்கு ஒரு வேலை கொடுக்கப் போகிறேன். அடுத்த முறை சந்தாவுக்கோ, வாக்காளர் பட்டியல் சரிபார்க்கவோ ஒரு வீட்டுக்குப் போகும்போது, சுவரைப் பாருங்கள். தகரப் பெட்டியிலே என்ன இருக்கிறது என்று கேளுங்கள். தங்கவயல் மட்டுமல்ல, சிலோன் தோட்டத்திலே எடுத்தது, மலாயாவிலே எடுத்தது, நம் பக்கத்துக் கறுங்கல் குவாரியிலே எடுத்தது, எதுவாயினும் சரி. படத்தைப் பறித்துக்கொண்டு வராதீர்கள். அது அவர்கள் வீட்டுச் சொத்து. கைப்பேசியிலே ஒரு நகல் எடுத்தால் போதும். கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிய்க்கவே கூடாது. முகம் கண்ணாடியோடு போய்விடும். பின்பக்கம் எழுதுவதானால் மையெழுதுகோல் வேண்டாம், ஊறிக்கொண்டு முன்பக்கம் வரும். மெல்லிய பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள். பெயர், ஊர், எந்தக் குழி, எந்த ஆண்டு, சொன்னவர் யார். தெரியாததை எழுத வேண்டாம். சங்க ரசீது, வைத்தியச் சீட்டு, வேலை அட்டை எது இருந்தாலும் அதையும் நகலெடுங்கள். இழப்பீட்டு வழக்கிலே நாளை வக்கீல் கேட்கப் போவது பேச்சையல்ல, அந்தக் கசங்கிய அட்டையைத்தான்.

கல்குவாரி என்றேன். இன்றும் இந்தப் பக்கத்திலே கல் அறுக்கும், கல் உடைக்கும் இடங்களிலே அதே தூள்தான் பறக்கிறது. அங்கே உழைப்பவர்கள் ஆளுக்கொரு கைப்பேசி வைத்திருக்கிறார்கள். நாளும் படம் எடுத்துக்கொள்கிறார்கள். படப் பஞ்சமில்லை. ஆனால் ஒப்பந்தக்காரரின் பதிவேட்டிலே அவர்கள் பெயர் இருக்கிறதா என்று ஒருமுறை போய்ப் பாருங்கள்.

காரிமங்கலத்துப் பக்கம் மறுபடியும் சென்ற ஞாயிறன்று போனேன். பென்சிலும் கொண்டுபோனேன். "ஆயா, மாமனார் பேரைச் சொல்லுங்க, எழுதி வைப்போம்" என்றேன். மறுபடியும் அதே சிரிப்பு. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மறதி அல்ல அது. மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது! அறுபது ஆண்டுகளாக அந்தப் பெயரை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. சீர்திருத்தம் பேசுகிற எனக்கு வாதாடத் தோன்றியது. எண்பது வயதை எதிர்த்து ஒரு பென்சிலை நீட்டிக்கொண்டு நிற்பதா என்று அடக்கிக்கொண்டேன்.

ஆயாவே வழி கண்டார். பேரனைக் கூப்பிட்டு, ஊர் எல்லைப் பக்கம் கையைக் காட்டினார். "அங்க அருவா புடிச்சிக்கினு உக்காந்திருக்காரு பாரு, அவரு பேருதான்டா. கடைசியில மட்டும் அப்பன் கெடையாது" என்றார். பையனுக்கு ஒரு நொடி புரியவில்லை. புரிந்ததும் வாய்விட்டுச் சிரித்தான். படத்தைக் குப்புறக் கவிழ்த்து, மெதுவாக எழுதினான். பெயருக்குக் கீழே ஊர். அதற்குக் கீழே 'சாம்பியன் ரீஃப், குழியில் வேலை.'

ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது. "படிச்சிக் காட்டு" என்றார். பையன் படித்தான். அவன் அந்தப் பெயரை உரக்கச் சொன்னபோது, ஆயா முந்தானையை இழுத்துத் தலையிலே போட்டுக்கொண்டார். பிறகு, "இன்னொருக்கா படி" என்றார்.